எதைக் கண்டால் கைவிடுவீர்கள்?

கேள்வி இது: "வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அரசியல் பேச்சு வந்தால் என் சித்தப்பா எல்லாவற்றையும் சதி என்கிறார். ஆதாரம் காட்டினால் அந்த ஆதாரமே சதியின் ஒரு பகுதி என்கிறார். படித்தவர், ஊர் உலகம் தெரிந்தவர். அவருடைய யோசனையில் பிழை எந்த இடத்தில் இருக்கிறது? திருகோணமலையில் இருந்துகொண்டு அவருக்கு எப்படிப் பதில் சொல்வது?"

சித்தப்பாவின் சந்தேகத்திலிருந்தே தொடங்குவோம். அது வெறும் காற்றில் முளைத்ததல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களிடமிருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் சுடர் ஒளிப் பத்திரிகையில் வந்தபோது துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. பிரேத பரிசோதனையும் அதையே சொன்னது. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். இதைப் பார்த்த ஊரில் அரசாங்கம் சொல்வதை அப்படியே நம்பு என்று ஒருவரிடம் சொல்வது அவரை அவமதிப்பது போல.

ஆனால் அந்தப் பொய் எப்படி உடைந்தது என்று பாருங்கள். கைக்குண்டு மட்டும்தான் காரணம் என்றால் துப்பாக்கிக் காயம் இருக்க முடியாது. காயம் இருந்தது, கூற்று விழுந்தது. இடம் தெரியும், நேரம் தெரியும், உடல்கள் இருந்தன, படம் இருந்தது. பிழையாக இருந்திருந்தால் பிழை என்று காட்டக்கூடிய ஆதாரம் அது. உண்மையான மூடிமறைப்பு வெளியே வருவது இப்படித்தான். சதிக்கதை இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. எந்த ஆதாரம் வந்தாலும் விழாத மாதிரி அது தன்னைக் கட்டிக்கொள்கிறது. சித்தப்பாவின் பிழை சந்தேகப்படுவதில் இல்லை. தன் சந்தேகத்துக்கு ஒரு தோற்கும் இடத்தை வைக்காமல் விட்டதில் இருக்கிறது.

நம் ஊரின் பெயரோடு ஓடிய ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். 2019இலும் 2020இலும் எம்.சி.சி. (மிலேனியம் சலேஞ்ச் கோப்பரேஷன்) என்ற அமெரிக்க அரச நிறுவனத்தின் 480 மில்லியன் டொலர் நன்கொடை ஒப்பந்தம் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. கொழும்பிலிருந்து திருகோணமலை வரை வேலி போட்ட ஒரு வழித்தடம் வரும், அதில் மின்சார ரயில் ஓடும், நாடு வடக்கு தெற்கு என்று இரண்டாகப் பிளக்கும், துறைமுகம் அமெரிக்காவிடம் போகும் என்று படங்களும் வரைபடங்களும் பகிரப்பட்டன. ஒப்பந்த வரைவில் இருந்தது வேறு. ஏறத்தாழ 350 மில்லியன் டொலர் போக்குவரத்துக்கு: கொழும்பு நெரிசல், பஸ் சேவை, நாட்டின் நடுப்பகுதியை மேல் மாகாணத்தோடு இணைக்கும் வீதிகள். ஏறத்தாழ 67 மில்லியன் காணி வேலைக்கு: வரைபடம், உறுதிப் பதிவு, மதிப்பீடு. மிச்சம் நிர்வாகமும் கண்காணிப்பும். திருகோணமலைக்கு ரயில் எதுவும் அதில் இல்லை.

அப்படியானால் வழித்தடம் எங்கிருந்து வந்தது? யாரோ முழுக்கக் கற்பனை செய்யவில்லை, கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கொழும்பு–திருகோணமலைப் பொருளாதார வழித்தடம் என்று ஒரு திட்டம் உண்மையாகவே காகிதத்தில் இருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அதற்கு ஆய்வு நடந்தது, தேசிய பௌதிகத் திட்டத்திலும் அது இடம்பெற்றது. திட்டமிடல் மொழியில் பொருளாதார வழித்தடம் என்றால் வீதியை ஒட்டித் தொழிற்பேட்டைகளையும் நகரங்களையும் வளர்ப்பது. வேலி போடுவது அல்ல. ஒரு ஆவணத்தில் அமெரிக்கப் பணம், இன்னொரு ஆவணத்தில் திருகோணமலை வரை ஒரு கோடு. இரண்டும் உண்மை. இரண்டையும் கட்டிய கயிறுதான் பொய். சதிக்கதைகளில் பெரும்பாலானவை இப்படி இரண்டு மெய்யையும் ஒரு முடிச்சையும் கொண்டு செய்யப்பட்டவை. அதனால்தான் "எல்லாம் பொய்" என்று பதில் சொன்னால் தோற்றுப்போவீர்கள். அவர் உடனே இரண்டு மெய்யையும் எடுத்துக் காட்டிவிடுவார். நீங்கள் கை வைக்க வேண்டியது முடிச்சில்.

2020 டிசம்பரில் எம்.சி.சி. அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டது. இப்போது கதை என்ன ஆகும்? "நாங்கள் விழித்துக்கொண்டதால் ஓடிவிட்டார்கள்" என்று ஆகும். கையெழுத்தாகியிருந்தால் "பார்த்தீர்களா, விற்றுவிட்டார்கள்" என்று ஆகியிருக்கும். கையெழுத்தானாலும் வெற்றி, ஆகாவிட்டாலும் வெற்றி. இரண்டு எதிர்மாறான முடிவும் ஒரே கூற்றை உறுதிப்படுத்தினால், அந்தக் கூற்று உலகத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இதைச் சித்தப்பாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம், அவருக்குப் புரியும்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. அந்த ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய நேர்மையான கேள்விகள் இருந்தன. அரசு அனுமதிப்பத்திரத்தோடு மட்டும் கொடுத்த காணிக்கு முழு உறுதி கொடுத்தால், கடன் பட்ட விவசாயி அதை அவசரத்துக்கு விற்றுவிட மாட்டாரா? நமது சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் முரண் வந்தால் எது மேல்? இந்தக் கேள்விகளை வேலியும் ரயிலும் விழுங்கிவிட்டன. திருகோணமலையிலுள்ள எண்ணெய்த் தாங்கிகளின் விஷயத்திலும் இதேதான். "திருகோணமலையை இந்தியாவுக்கு விற்றாச்சு" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 கூட்டுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம், ஐ.ஓ.சி.யின் பங்கு 49 வீதம். காலம் 50 ஆண்டு. இது விற்பனை அல்ல, குத்தகை. துறைமுகம் அல்ல, தாங்கிகள். 50 ஆண்டு சரியா, குத்தகைப் பணம் போதுமா என்று தாராளமாகச் சண்டை பிடிக்கலாம். "விற்றாச்சு" என்றவரால் அந்தச் சண்டையைப் பிடிக்க முடியாது. விற்ற பொருளுக்கு நிபந்தனை கேட்க ஏது வழி?

அடுத்தது அளவு. 2004 சுனாமி அணுகுண்டால் வந்தது, அல்லது அலாஸ்காவிலிருக்கும் ஹார்ப் என்ற வானலை நிலையத்தால் வந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. இந்தக் கரையில் உறவுகளைக் கொடுத்தவர்களிடம் அப்படிச் சொல்வது சின்ன விஷயமல்ல, ஆகவே கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். அந்த அலைகளை எழுப்பிய சுமாத்திரா நிலநடுக்கத்தின் அளவு 9.1. வழமையான சூத்திரப்படி, அந்த அளவிலான நடுக்கம் அலையாக வெளிவிடும் சக்தி ஏறத்தாழ 28க்குப் பின்னால் 17 சைபர் போட்ட அளவு ஜூல். மனிதன் வெடித்ததிலேயே பெரிய குண்டு, 1961இல் சோவியத் ஒன்றியம் வெடித்த 50 மெகாதொன் குண்டு. அதன் முழுச் சக்தியும் ஏறத்தாழ 2க்குப் பின்னால் 17 சைபர். ஆக, அப்படிப்பட்ட குண்டு 13, 14 வேண்டும், அதுவும் ஒவ்வொன்றின் சக்தியும் சிந்தாமல் சிதறாமல் பாறைக்குள் போனால். ஹார்ப் நிலையத்தின் அலைபரப்பி 3.6 மெகாவாட். ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் அந்தச் சக்தியைச் சேர்க்க 20,000 ஆண்டுக்கு மேல் ஆகும்.

சக்தியை விட வடிவம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குண்டு வெடித்தால் எல்லாத் திசைக்கும் தள்ளும், ஆகவே எல்லா நிலநடுக்கமானிகளிலும் முதல் அசைவு வெளிநோக்கித்தான் பதியும். பாறை வழுக்கினால் சில திசைகளில் தள்ளும், சில திசைகளில் இழுக்கும். அன்றைக்குப் பதிந்தது இரண்டாவது வகை. குண்டு கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அன்றைய பிளவு 1,200 கிலோமீற்றருக்கு மேல், எட்டுப் பத்து நிமிடம் ஓடியது. இதைப் பதிந்த கருவிகள் ஒரு நாட்டினுடையவை அல்ல. இந்தியாவும் பாகிஸ்தானும், அமெரிக்காவும் ரஷ்யாவும், ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கக் காத்திருக்கும் நாடுகள். ஒரு இரகசியத்துக்கு எத்தனை பேர் வாய் மூட வேண்டும் என்று கேட்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டாம். அவர்களில் யாருக்காவது வாய் திறப்பதால் இலாபம் உண்டா என்பதையும் பாருங்கள்.

இந்த இடத்தில் சித்தப்பா ஒரு பிசிறைத் தூக்கிக் காட்டக்கூடும்: "முதலில் 8 எண்டார்கள், பிறகு 8.5 எண்டார்கள், பிறகு 9 எண்டார்கள். ஏன் மாத்தினவை?" நல்ல கேள்வி, பதிலும் இருக்கிறது. முதல் நிமிடங்களில் கணக்கிடப் பயன்படும் குறுகிய அலைகள், மிகப் பெரிய நடுக்கத்தில் ஒரு அளவுக்கு மேல் உயர்வதில்லை. நீண்ட அலைகள் வந்து சேர்ந்து, அவற்றை ஆராய்ந்த பிறகுதான் முழு அளவு தெரியும். அன்றைய பெருந்துயரத்துக்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம். நடுக்கத்துக்கும் நம் கரைக்கு அலை வந்ததற்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் அளவில் இருந்தது, ஆனால் இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. கோபப்பட வேண்டிய மெய்யான இடம் அது. பொதுவாகவே எந்தப் பெரிய சம்பவத்தையும் கிட்டப் போய்ப் பார்த்தால் பிசிறுகள் இருக்கும்: முதல் செய்தி பிழைக்கும், இரண்டு சாட்சிகள் வேறு வேறு நேரம் சொல்வார்கள். பிசிறு இருப்பது சதிக்குச் சான்றாகாது. அந்தப் பிசிறைச் சதி மற்ற விளக்கத்தை விட நன்றாக விளக்குகிறதா என்பதுதான் கேள்வி.

நடந்து முடிந்த பிறகு பொருத்துவது இன்னொரு பொறி. இதில் நாம் எல்லோரும் விழுவோம். திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை வாசலில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் மீன் சின்னமும் இருக்கின்றன. அதோடு சேர்த்து ஊரில் சொல்லிவரும் பாடலில், கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் மன்னனின் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான், பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் ஆள்வார்கள் என்று வருகிறது. கோணேசர் கோயில் 1620களில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. பிறகு ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்களை எல்லாம் அந்தக் கண்களுக்கு நாம் பொருத்திவிட்டோம். கோயில்மீதுள்ள பக்தி வேறு, அதைத் தொட நான் வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: ஆங்கிலேயன் கப்பல் வருவதற்கு முன், "புகைக்கண்" என்ற சொல்லை மட்டும் வைத்து, வரப்போவது இன்னார் என்று ஒருவர் சொல்லியிருக்க முடியுமா? முடியாதென்றால், வந்த பிறகு பொருந்துவதில் வியப்பில்லை. "அந்தத் தலைவர் அன்றைக்கே கையால் சைகை காட்டினார்", "அந்தப் பத்திரிகை அட்டையில் முன்பே படம் வந்தது" என்று வரும் அரசியல் பதிவுகளும் இப்படியானவை. எத்தனை அட்டைப்படம் பொருந்தாமல் போனது என்று யாரும் எண்ணுவதில்லை.

"யாருக்கு இலாபம்?" என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பொலிசார் விசாரணையைத் தொடங்க அது உதவும், தீர்ப்புக்கு உதவாது. மழை பெய்தால் குடை வியாபாரிக்கு இலாபம். மழையை அவர் பெய்விக்கவில்லை.

படிகளைப் பிரிக்காமல் விடுவது இதைவிடக் கடுமையான பிழை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலை எடுங்கள். தாக்குதல் நடக்கப்போகிறது என்று 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. இது முதல் படி, நிறுவப்பட்டது. பொறுப்பானவர்கள் கடமை தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. இது இரண்டாம் படி, இதுவும் நிறுவப்பட்டது. குண்டுதாரிகளுக்குப் பின்னால் இருந்து வேறு யாரோ ஒருவர் திட்டமிட்டே நடத்தினார் என்பது மூன்றாம் படி. அதைச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும், முதல் இரண்டு படிகளின் உறுதியை அதற்குக் கடன் கொடுக்க முடியாது. 2022 மே மாதமும் இதுதான் நடந்தது. பிரதமர் பதவியை விட்டு விலகிய மகிந்த ராஜபக்ச திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்தது உண்மை, பாதுகாப்புச் செயலாளரே 11ஆம் திகதி ஒப்புக்கொண்டார். அதே மூச்சில் பரவிய, அரசியல்வாதிகளும் குடும்பங்களும் இந்தியாவுக்குத் தப்பிவிட்டார்கள் என்ற செய்தியை இந்திய உயர்ஸ்தானிகராலயம் மறுத்தது. பாதி சரியாகிவிட்டதால் மற்றப் பாதியும் சரி என்று பலர் வாதாடினார்கள்.

இனிப் பதில் சொல்லும் முறை. குழுவில் எல்லோர் முன்னும் மோத வேண்டாம். ஊரார் முன் பின்வாங்குவது ஒரு பெரியவருக்கு மானப் பிரச்சினை. தனியாக எழுதுங்கள், அல்லது நேரே போய்க் கதையுங்கள். முதல் வேலை, கூற்றை ஒரே வசனமாக்குவது. பேச்சு இப்படிப் போகலாம்:

"சித்தப்பா, காணியை எல்லாம் எழுதிக் குடுத்திட்டாங்கள் எண்டு போட்டிருக்கிறியள். எந்தக் காணி, ஆருக்கு, எந்தத் திகதியில?"

"வர்த்தமானியில வந்திட்டுதாம். படம் போட்டிருக்கிறாங்கள்."

"சரி, வர்த்தமானி எண்டால் இலக்கம் இருக்கும். அதைப் பாப்பம். அதில இருந்தால் நானும் உங்களோட வந்து கத்துறன். இல்லாட்டில் என்ன செய்வீங்கள்?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். எதைக் கண்டால் கைவிடுவார் என்று தேடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். தேடிய பிறகு கேட்டால் புதுச் சாட்டு வரும். "எதைக் கண்டாலும் கைவிடமாட்டன்" என்று சொன்னால், அத்தோடு நிறுத்தி வேறு கதை கதையுங்கள். அதற்கு மேல் கொட்டும் ஆதாரம் எல்லாம் வீண்.

பிறகு இருவரும் சேர்ந்து தேடுங்கள். அதிவிசேட வர்த்தமானிக்குச் சாய்கோட்டோடு இலக்கம் இருக்கும், சாய்கோட்டுக்கு முன் ஒரு எண், பின் ஒரு எண். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் திகதியை வைத்துத் தேடினால் தமிழ்ப் பிரதியும் எடுக்கலாம். பகிரப்படும் படத்தில் பெரும்பாலும் தலைப்புப் பக்கம் மட்டும் இருக்கும், அட்டவணை வெட்டப்பட்டிருக்கும். விஷயம் எப்போதும் அட்டவணையில்தான். படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு மிகப் பழைய திகதியைப் பாருங்கள். வேறு நாட்டுப் படம், பத்து வருடத்துக்கு முந்திய படம் எல்லாம் அதில் அகப்படும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. "எனக்குத் தெரிந்தவர் நேரே பார்த்தாராம்" என்று தொடங்கும் செய்தியில் அந்தக் குறி இருந்தால், அந்த "எனக்கு" யார் என்று அனுப்பியவருக்கே தெரியாது.

இணையத்தில் இல்லாத விஷயமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகமோ கூட்டுத்தாபனமோ துறைமுக அதிகாரசபையோ, அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு. இதில் பலர் விடும் பிழை, "காணி ஏன் விற்கப்பட்டது?" என்று கேட்பது. அது விளக்கம் கேட்பது, தகவல் கேட்பது அல்ல. "இன்ன கிராம அலுவலர் பிரிவில், இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை, குத்தகைக்கு விடப்பட்ட அரச காணிகளின் பட்டியல், பரப்பளவு, பெற்றவரின் பெயர், குத்தகைக் காலம்" என்று கேளுங்கள். சித்தப்பாவின் பெயரிலேயே போடுங்கள். பதில் அவர் கைக்கு வரட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கூற்று. ஒன்றுக்குப் பதில் வரும்போது அவர் அடுத்ததற்குத் தாவுவார்: காணியிலிருந்து தடுப்பூசிக்கு, அங்கிருந்து தேர்தலுக்கு. "முதல் இதை முடிப்பம்" என்று திரும்பிக் கொண்டுவாருங்கள். பதில் தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சிக்குச் சாதகமான செய்தியையும் இதே சல்லடையில் போட்டு, விழுந்தால் குழுவிலேயே அறிவியுங்கள். இதைச் செய்யாதவரின் பேச்சைச் சித்தப்பா கேட்கமாட்டார், கேட்கத் தேவையும் இல்லை. அதிகார இடத்திலிருந்து வந்தாலும் அதே சல்லடைதான். 2020இல் கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும், புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொன்னது அரசாங்கம். அதற்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை. முஸ்லிம் குடும்பங்கள் 2021 பெப்ரவரி கடைசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பொறுமைக்கும் ஒரு விலக்கு உண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவில் இருந்த ஒரு கட்டியைக் காட்டி மலட்டு மாத்திரை என்றார்கள். சூழ்ந்து நின்ற கூட்டத்தின் நடுவே சிங்களம் சரியாக வராத ஒருவரிடம் கேள்வி கேட்டு, அவர் தலையாட்டியதை ஒப்புதல் வாக்குமூலம் என்று பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. கட்டி வெறும் மா என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னது பிறகு. உணவில் ஒரு தடவை போட்டால் ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லை. கருத்தடை மாத்திரையைக்கூட நாள் தவறாமல் விழுங்க வேண்டும், நிறுத்தினால் அதன் வேலையும் நின்றுவிடும். ஆனால் இந்த விளக்கத்துக்கு அன்றிரவு நேரம் இருக்கவில்லை. ஒரு கடையையோ ஒரு வீட்டையோ ஒரு சமூகத்தையோ சுட்டிக்காட்டி "இப்பவே கூடுங்கோ" என்ற தொனியில் ஒரு செய்தி வந்தால் தனியாகக் கதைத்துக்கொண்டிருக்க வேண்டாம். குழுவிலேயே, உடனே, "இது உறுதியாகவில்லை, பகிராதீங்கோ" என்று எழுதுங்கள். குழு நிர்வாகியை அழைத்து அழிக்கச் சொல்லுங்கள். அழிப்பதற்கு முன் திகதியும் நேரமும் தெரிய ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். 119க்கு அழையுங்கள். அந்தக் கடைக்காரரின் இலக்கம் தெரிந்தால் அவருக்கும் சொல்லிவிடுங்கள்.